வீட்டுப் பொடி வியாபாரம்: சின்னதாகவே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு

பதினோரு வருடம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, 2022 ஏப்ரலில் மதுரையில் எங்கள் வாடகை வீட்டிலிருந்தே இட்லிப் பொடி விற்க ஆரம்பித்தேன். அடுத்தவர் கணக்கில் பத்துப் பைசா பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, என் சொந்தப் பாக்கெட்டுக்குச் சரியாக விலை போடத் தெரியவில்லை என்பது எட்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. லேபிளில் ஏமாந்தேன், தராசில் ஏமாந்தேன், ஒரு கடைக்காரரிடம் நன்றாகவே ஏமாந்தேன். இப்போது வாரத்துக்கு நாலு நாள் வேலை, வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை அடுப்பு வீட்டுக்கு மட்டும். இதற்கு மேல் பெரிதாக்க எனக்கு ஆசை இல்லை. இதே மாதிரி ஒன்றை நீங்களும் நினைத்துக்கொண்டிருந்தால், நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரிய பிராண்டு ஆக வேண்டும், நாலு ஊரில் கிளை வேண்டும் என்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

1. முதலில் "போதும்" என்கிற எண்ணை எழுதுங்கள்

கடாய் வாங்குவதற்கு முன்னால், பெயர் யோசிப்பதற்கு முன்னால், ஒரு தாளில் மாதம் எவ்வளவு கையில் நின்றால் போதும் என்று எழுதுங்கள். எனக்கு வந்த எண் 28,000. வாடகையில் என் பங்கு, அம்மாவின் மருந்து, மகளின் வேன் கட்டணம், கொஞ்சம் சேமிப்பு, அவ்வளவுதான். சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் அந்த வேலையில் போக்குவரத்துக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் போனதைக் கழித்துப் பாருங்கள்.

அடுத்து அதே தாளில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கத் தயார் என்று எழுதுங்கள். நான் எழுதியது 28. இந்த இரண்டு எண்களும் இல்லாமல் ஆரம்பித்தால் வருகிற ஆர்டர் எல்லாம் நல்ல ஆர்டராகத் தெரியும். எனக்கு அப்படித் தெரிந்த முதல் வருடத்தில், வேலையை விட்டதற்குப் பதிலாக இன்னொரு வேலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன், இந்த முறை திட்டுவதற்கு மேனேஜர்கூட இல்லை.

2. எத்தனை பொடி? மூன்றுக்கு மேல் வேண்டாம்

நான் ஒன்பது வகையோடு ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி லேபிள், தனிச் சரக்கு, தனிப் பரிசோதனை. இப்போது இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மட்டும். நீங்கள் செய்ய அலுக்காத பொடி எதுவோ அதை எடுங்கள். எனக்கு ரசப் பொடி நன்றாக வரும், ஆனால் மல்லி வறுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. வருடத்தில் இருநூறு நாள் செய்யப்போகிற வேலை இது, அதனால் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் வியாபாரக் கணக்கில் சேர்த்திதான்.

3. ஒரு பாக்கெட்டின் உண்மையான விலை

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முக்கால்வாசிப் பேர் விழுகிற குழி இதுதான்.

நான் இட்லிப் பொடிக்கு 400 கிராம் உளுந்து, 250 கடலைப்பருப்பு, 200 மிளகாய், 120 எள், பிறகு உப்பும் பெருங்காயமும் என்று போடுகிறேன். கீழமாசி வீதியில் மொத்த விலைக்கு வாங்கினால் எனக்கு இது 165 ரூபாய் வாக்கில் வரும் (உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் மாதத்தில் மாறும், மிளகாய் விலை ஒரே வருடத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்தால் தலை சுற்றும்). இது ஒரு கிலோ என்று நான் நினைத்தேன். வறுக்கும்போது ஈரம் போகிறது, மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, சலிக்கும்போது கொஞ்சம் நிற்கிறது. கடைசியில் கைக்கு வருவது 940, 950 கிராம். ஆக கிலோவுக்கு 175, கால் கிலோவுக்கு 44 ரூபாய்.

கவரும் லேபிளும் 11. கேஸும் மில் கூலியும் 5. மாதிரி கொடுத்தது, கொட்டியது, கிழிந்தது என்று 5. மொத்தம் 65. நான் 90 ரூபாய்க்கு விற்று, 25 ரூபாய் லாபம் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

என் நேரத்தை யார் எழுதுவது? ஐந்து கிலோ செய்ய, வறுப்பதிலிருந்து அஞ்சலகம் போய்வருவது வரை, எனக்கு ஏழு மணி நேரம் ஆகிறது. மணிக்கு 100 ரூபாய் என்றால்கூட 700, இருபது பாக்கெட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 35. அப்போது அடக்க விலையே 100 ரூபாய் ஆகிவிடுகிறது. இப்போது 150-க்கு விற்கிறேன். விலை ஏற்றியபோது பழைய வாடிக்கையாளர்களில் சிலர் போய்விட்டார்கள், உண்மைதான். இருந்தவர்கள் போதுமானதாக இருந்தார்கள்.

இப்போது முதல் எண்ணுக்கு வாருங்கள். என் கூலியைச் சேர்த்தால் ஒரு பாக்கெட்டில் கையில் நிற்பது 85. மாதம் 350 பாக்கெட் விற்றால் 29,750. ஆட்டோ, போன் என்று ஒரு 1,750 கழித்தால் 28,000. ஐந்து கிலோ வீதம் பதினேழு பதினெட்டு தடவை வறுக்க வேண்டும், அதாவது வாரத்துக்கு நாலு நாள். மாதம் 350 என்பதுதான் என் எல்லை. 351-ஆவது ஆளுக்கு "அடுத்த மாதம் தருகிறேன்" என்று சொல்வேன்.

4. ஆவணங்களை ஒரே கவரில் எடுத்து வையுங்கள்

ஆதார் (செல்பேசி எண் இணைத்தது, இல்லையென்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் ஓ.டி.பி.யில்தான் நகரும்), பான் கார்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், மின் கட்டண ரசீது, வாடகை வீடென்றால் வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம்.

கடைசி இரண்டில்தான் சிக்கல். என் ஆதாரில் பழைய முகவரி, ஒப்பந்தத்தில் கதவு எண் வேறு மாதிரி, அதனாலேயே உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். வீட்டு உரிமையாளரிடம் கடிதம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பாக்கெட் பொடியோடு போங்கள். எங்கள் மாடி வீட்டு அம்மா, "ஏம்மா, நீ மிளகாய் வறுத்தா மாடி வரைக்கும் நெடி வருதே, நான் எங்க போறது?" என்று கேட்டார். மிளகாயை அவர் கோயிலுக்குப் போகிற நேரத்தில் மட்டும் வறுப்பது என்று ஒப்பந்தம். எழுதப்படாத இந்த ஒப்பந்தத்தைத்தான் நான் இன்றுவரை மிகவும் ஒழுங்காகக் காப்பாற்றுகிறேன். பெரிய மோட்டார் வைத்த கிரைண்டர் போடுகிற எண்ணம் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் கட்டண வகை மாறுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

5. உதயம் பதிவு: இருபது நிமிடம், செலவு இல்லை

சிறு தொழிலுக்கான மத்திய அரசின் பதிவு இது. ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் மேலே வரும், படிவத்தை நிரப்பியதும் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். சான்றிதழ் உடனே வந்துவிடும், வங்கிக் கணக்கு தொடங்க இது உதவும்.

6. உணவுப் பாதுகாப்புப் பதிவு

வீட்டில் செய்தாலும், நாலே பேருக்கு விற்றாலும் இது கட்டாயம். ஃபாஸ்காஸ் என்கிற அரசுத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நான் எடுத்தபோது வருட விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் "பதிவு" மட்டும் போதும், அதற்கு மேல் "உரிமம்". பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய், நான் ஐந்து வருடத்துக்கு 500 கட்டினேன். இந்த வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் என்ன காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்குக்கு வருட விற்பனை 6.3 லட்சம், அதனால் பதிவே போதுமானதாக இருந்தது.

இதே வேலைக்கு ஓர் இடைத்தரகர் என்னிடம் 3,500 கேட்டார். நானும் கொடுக்கத்தான் இருந்தேன், அன்று ஏ.டி.எம்.மில் பணம் இல்லாததால் தப்பித்தேன். படிவம் கஷ்டமே இல்லை. பொருள் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் நிதானமாகப் பாருங்கள், பொடியும் ஊறுகாயும் வேறு வேறு வகை. ஊறுகாய் பிற்பாடு செய்யலாம் என்றால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

முகவரித் தகராறு சேர்த்து எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. அலுவலர் வீட்டைப் பார்க்க வரலாம். சமையலறையில் மூடியிட்ட குப்பைத் தொட்டி, தலைக்கு வலைத்தொப்பி, சரக்கு தரையில் படாமல் ஒரு பலகை, இவை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வந்த எண் 14 இலக்கம். புதுப்பிக்கும் தேதியை அன்றே போனில் போட்டு வைத்தேன்.

7. தராசும் லேபிளும் (நான் அதிகம் இழந்த இடம்)

சமையலுக்கு விற்கிற 600 ரூபாய் தராசை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. அரசு முத்திரையிட்ட தராசு வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் மறுமுத்திரை. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. முதலில் சமையல் தராசை வாங்கிவிட்டு, பிறகு 4,200 கொடுத்து முறையான தராசு வாங்கினேன். பழையது இப்போது மகளின் அறிவியல் பாடத்துக்கு உதவுகிறது. பாக்கெட் போட்டு விற்பவர் என்கிற முறையில் அதே துறையில் தனியாக ஒரு பதிவும் உண்டு, தொடங்கி 90 நாளுக்குள் செய்ய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், உங்கள் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, ஒரு கிராமின் விலை (150 ரூபாய்க்குக் கால் கிலோ என்றால் 60 காசு), புகார் சொல்ல எண், பேட்ச் எண், 14 இலக்கப் பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, சேர்மானங்கள் அதிக எடையிலிருந்து குறைந்த எடை வரிசையில். ஊட்டச்சத்துப் பட்டியலுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்தேன், ஒரு பொடிக்கு 3,800 ஆனது.

ஒவ்வாமைத் தகவலை மறந்துவிடாதீர்கள். "என் பொடியில் கோதுமையே இல்லை" என்று நான் நினைத்தேன். கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். கோதுமை சேராத ஒரு வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் நான் டப்பாவைத் திருப்பினேன். கை நடுங்கிவிட்டது.

இனி என் இழப்பு. பதிவு எண் வருவதற்கு முன்பே, அச்சகத்தில் தள்ளுபடி என்றார்கள் என்று 2,000 லேபிள் அடித்துவிட்டேன். எண் இல்லை, கிராம் விலை இல்லை, எல்லாம் வீண், 5,600 ரூபாய். முதலில் 200 மட்டும் அடியுங்கள். கவரிலேயே அச்சடிப்பதும் இப்போது வேண்டாம், அதற்கு ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். எதுவும் அச்சிடாத நிற்கும் கவர் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

பெயருக்கு வணிகச் சின்னம் (டிரேட்மார்க்) பதிவு செய்வதென்றால் தனிநபருக்கு இணையத்தில் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய், மசாலா வகைகளுக்கு வகுப்பு 30. செய்யாவிட்டாலும், அதே பெயரில் வேறொருவர் இருக்கிறாரா என்று வணிகச் சின்னப் பதிவுத் தளத்தில் இலவசமாகத் தேடிவிட்டு லேபிள் அடியுங்கள்.

8. ஜி.எஸ்.டி.: பெங்களூருத் தோழி பிரச்சினை

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. எல்லோரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த 40 லட்ச வரம்பு பொருந்தாது, பதிவு வேண்டும். பெங்களூருக்கு அனுப்பும் நாலு பாக்கெட்டும் அதில் வரும். புதுச்சேரி, காரைக்கால்கூட வெளியூர்க் கணக்கில் சேராது, வெளிமாநிலக் கணக்கில் சேரும், இது பலருக்குத் தெரியாது. வரியைச் சுருக்கமாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் சேர்ந்தாலும் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது.

பதிவு எடுத்தால் மாதா மாதம், காலாண்டுக்கு என்று படிவங்கள். நான் அந்த வேலையை விட்டுத்தானே வந்தேன்! அதனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். என் கல்லூரித் தோழி பெங்களூரில் இருக்கிறாள், அவள் மதுரை வரும்போது வாங்கிக்கொண்டு போகிறாள், கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

9. வங்கி, வருமான வரி

வீட்டுச் செலவுக் கணக்கும் வியாபாரக் கணக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. நடப்புக் கணக்கு தொடங்கும் முன் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள், பத்தாயிரம் வைக்கச் சொல்கிற இடமும் உண்டு. உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டினால், வங்கி வழியாகவும் யு.பி.ஐ.யிலும் வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபமாகக் காட்ட வேண்டும். உண்மை லாபம் அதைவிட அதிகமென்றால் அதைக் காட்டுவதே முறை. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள், பின்னால் வீட்டுக் கடனோ எதுவோ கேட்கும்போது காட்ட ஒரு தாள் வேண்டும்.

பாழான லேபிளை விட்டுவிட்டால் எனக்கு ஆரம்பச் செலவு 34,000 வாக்கில் வந்தது. இதற்குக் கடன் வாங்க வேண்டாம் என்பேன். முத்ரா என்கிற அரசுக் கடன் திட்டத்தில் 50,000 வரை சிசு வகையில் பிணையில்லாமல் கிடைக்கும்தான், ஆனால் தவணை வந்துவிட்டால் 350 என்கிற எல்லையை உங்களால் காப்பாற்ற முடியாது.

10. வறுக்கும் நாள்

உளுந்தைச் சின்னத் தீயில், ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போடாமல் வறுங்கள். முதலில் பச்சை வாசம் போகும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், அந்த நேரத்தில்தான் போனை எடுப்போம், அதற்குள் ஒரு பக்கம் கருகிவிடும். பருப்பு பொன்னிறமாகி, கரண்டியில் உரசும் சத்தம் மெல்லிசாக மாறும். எனக்கு நாளில் பிடித்த பத்து நிமிடம் அதுதான். கம்பெனியில் இருந்த காலத்தில் ஒரு வேலை முடிந்ததா இல்லையா என்று எனக்கு மூக்கு சொன்னதில்லை.

வறுத்ததைத் துணியில் பரப்பி முழுக்க ஆறவிட்டு அரைக்கக் கொடுங்கள். சூட்டோடு கவரில் போட்டால் உள்ளே வியர்த்து, பத்து நாளில் கட்டி, இருபது நாளில் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐந்து கிலோவுக்குப் பதில் மூன்று கிலோவாகச் செய்யுங்கள். மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். முன்னால் அரைத்தவர் மஞ்சள் அரைத்திருந்தால் உங்கள் பொடி முழுக்க மஞ்சள் வாசம். நான் அரைக் கிலோ அரிசியை முதலில் போட்டு ஓட்டிவிட்டுத்தான் என் சரக்கைப் போடுவேன்.

11. அனுப்புவது

அஞ்சல் செலவு தனி என்று முதல் நாளே சொல்லுங்கள். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண் கிலோ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. அழகான பெரிய பெட்டி என்று வாங்கி முதல் மாதம் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தேன். செவ்வாயும் வியாழனும் மட்டும் அனுப்புகிறேன், தினமும் போனால் வேலை நேரம் தெருவிலேயே கரைந்துவிடும்.

12. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆர்டர்கள்

பல்பொருள் அங்காடி ஒன்றில் 200 பாக்கெட் கேட்டார்கள். 35 சதவீதம் அவர்களுக்கு, பணம் 45 நாளில், விற்காததைத் திருப்பித் தருவார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பணம் வர நாலு மாதமானது, 71 பாக்கெட் தேதி முடியும் தறுவாயில் திரும்பி வந்தது. இப்போது முன்பணம் இல்லாமல் எந்தக் கடைக்கும் கொடுப்பதில்லை.

கல்யாணத் தாம்பூலப் பைக்கு 400 சின்னப் பாக்கெட் என்று இன்னொன்று. நாலு இரவு தூக்கமில்லை, காசு என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஐந்தாம் நாள் காலையில் உளுந்து வாசம் வந்ததும் குமட்டியது. அதன் பிறகு மொத்த ஆர்டர் என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அந்த மாதத்தின் 350-க்குள் அது அடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். "அக்கா, வளர வேண்டாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் கணக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்புவேன், பாதிப் பேர் அதன் பிறகு விலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

13. லீவை முன்கூட்டியே எழுதுங்கள்

சித்திரைத் திருவிழா நாட்களில் எனக்கு லீவு. மாசி வீதிகளில் தேர் வரும், மொத்தக் கடைக்குப் போய் மூட்டை தூக்கி வர வழியிருக்காது. பங்குனி பாதியிலேயே எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிடுவேன், வேண்டியவர்கள் இரண்டு பாக்கெட் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். முதல் வருடம் தயங்கித் தயங்கித்தான் அனுப்பினேன். வந்த முதல் பதிலே, "அப்போ அழகரை வரவேற்கிற எதிர்சேவைக்கு வர்றீங்களா அக்கா?" என்றுதான் இருந்தது.